ஒன்பது வோல்ட் போதும்

எங்கள் மாவட்டத்துக் கிட்டார்காரர்களுக்கு வாட்ஸ்ஆப்பில் ஒரு குழு இருக்கிறது. மேடையை விட்டு இறங்கிய பிறகும் என்னை அதிலிருந்து நீக்காமல் வைத்திருக்கிறார்கள். மரியாதையா மறதியா என்று தெரியவில்லை. வாரம் ஒருமுறையாவது யாராவது தன் கருவிகளைத் தரையில் பரப்பிப் படம் எடுத்துப் போடுவார். காலால் அழுத்தி ஓசையை மாற்றும் பெடல்கள் பன்னிரண்டு, அவற்றைப் பிணைக்கும் கேபிள்கள், ஒரு லேப்டாப், அது பழுதானால் இன்னொரு லேப்டாப். ஆபரேஷன் தியேட்டரில்கூட இவ்வளவு இருக்காது. சென்ற மாதம் ஒருவர் என்னைக் கேட்டார்: "சார், உங்க காலத்துல ப்ரோக்ராமுக்கு என்னென்ன கொண்டு போவீங்க? ஒரு போட்டோ போடுங்களேன்."

போட்டேன். ஒரு கிட்டார், இரண்டு கேபிள், ஒரே ஒரு பெடல், மேடை ஒலிகளை ஒன்றுசேர்க்கும் மிக்ஸரில் கிட்டாரை நேராக இணைக்கும் உள்ளங்கை அளவு டி.ஐ. பாக்ஸ், இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரி, ஒரு செட் கம்பி. சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசையாக விழுந்தன. "பாவம், அப்போ வசதி இல்ல" என்று அனுதாபம் தெரிவித்தார் ஒருவர்.

வசதி இருந்தது. நான் கொண்டுபோகாதவை எல்லாம் வாங்கி, சுமந்து, வாசித்துப் பார்த்து, வேண்டாம் என்று நானே தள்ளியவை. அதற்காக ஒருமுறை வேலையும் போனது. அனுதாபத்தைத் திருப்பி அனுப்புவதற்காகவே இதை எழுதுகிறேன்.

தர்மபுரியில் இயற்பியல் பட்டம் வாங்கினேன். சேலத்தில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவை நடத்தியவரிடம் கிட்டார் கற்று, மேற்கத்திய இசையில் கிரேடு தேர்வுகளும் எழுதினேன். வேலை கிடைக்கும்வரை வாசிப்போம் என்று ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்தேன். பிறகு வேலை தேட நேரமில்லாத அளவுக்குக் கச்சேரி. முன்கதை இவ்வளவுதான்.

எனக்கு ஊர் பொம்மிடி. குழுவின் வேன் அரூரிலிருந்து கிளம்பும். நான் பஸ்ஸில் போய்ச் சேர்ந்துகொள்வேன். முதல் சம்பளத்தில், கிட்டார் ஓசையைப் பெருக்கும் பெரிய ஆம்ப் ஒன்று வாங்கினேன். தூக்கும்போது தோள் ஒருபக்கம் இறங்கும். அதை ஏற்றிக்கொண்டு அரூர் பஸ்ஸில் போன அன்று கண்டக்டர் வந்தார்.

"இது என்னா தம்பி?"

"ஆம்ப்புங்க. கிட்டாருக்கு."

"ஆள் எடத்தப் புடிச்சிக்கிட்டு நிக்குது. அதுக்கொரு டிக்கெட் எடு, இல்ல மடியில வெச்சிக்க. அந்தம்மா புள்ளய மடியில வெச்சிக்கிட்டு வர்றாங்க பாரு. அந்தப் புள்ளைக்கு டிக்கெட் கேட்டனா?"

பக்கத்துச் சீட்டில் இருந்தவர், "புள்ளைக்குப் பாலு குடுப்பா, அழுவப் போவுது" என்றார். பஸ் முழுக்கச் சிரிப்பு. வீம்புக்கு அதை மடியில் வைத்தேன். அரூரில் இறங்கியபோது கால் இரண்டும் மரத்துப்போய் என்னுடையவையாக இல்லை. அந்த ஆம்ப்பை ஒரு தேவாலயத்துக்கு விற்றேன். அவர்கள் அதை நகர்த்த வேண்டியதில்லை.

அன்றிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு வசதியாகப் பயணம் செய்ய முடியாத எதையும் வாங்குவதில்லை என்று ஒரு விதி வைத்தேன். கிட்டாரையும் அப்படியே தேர்ந்தெடுத்தேன். கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து நாலு ஸ்வரம் வாசித்து "டோன் அருமை" என்பவர்களுக்கு ஒரு செய்தி: கச்சேரியில் உங்களுக்கு ஸ்டூல் கிடையாது. நான் கடையில் கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்றேன். கடைக்காரர் இரண்டு டீ குடித்து, மூன்று பேருக்கு வியாபாரம் செய்து, கடைசியில் "உங்களுக்கு என்னாதாங்க வேணும்?" என்று கேட்கும்வரை நின்றேன். முதுகு பதில் சொன்ன பிறகு வாங்கினேன். ஓய்வுபெறும்வரை அதுதான்.

ஆனாலும் பெடல்களில் நானும் ஒருமுறை விழுந்தேன். இசைத்தட்டில் வருகிற ஓசை அப்படியே வரவேண்டும் என்று எங்கள் குழுவில் ஒரு வெறி இருந்தது. பாட்டுக்கொரு பெடல் சேர்ந்து எட்டாகி, ஒரு பலகையில் திருகப்பட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே அடாப்டர். கம்பைநல்லூரில் ஒரு கல்யாண வரவேற்பு. அங்கே அந்த அடாப்டர் பாடத் தொடங்கியது. நம் மின்சாரத்துக்கு ஒரு சுருதி உண்டு. ஜி ஸ்வரத்துக்குச் சற்று மேலே, எந்தப் பாட்டிலும் சேராத இடத்தில் அது நிற்கும். பெண்ணின் தாய்மாமன் மேடையோரம் வந்து, "என்னாங்க, மாவு மில்லு ஓடுதா?" என்றார்.

குனிந்து எட்டையும் பிடுங்கிவிட்டு, கிட்டாரை நேராக மிக்ஸரில் செருகினேன். அடுத்த பாட்டு முடிந்ததும் அதே மாமன் திரும்பி வந்தார். "இப்பத்தாங்க கிட்டாரு கேக்குது. மொதல்லயே இத எடுத்திருக்கலாம் இல்ல?"

இசையில் எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் அதைவிடத் துல்லியமானது இல்லை. ஏழு பெடல்கள் போயின. பேட்டரியில் ஓடும் ஒன்று மட்டும் தங்கியது, கொஞ்சம் முரட்டு ஓசை தேவைப்படும் இடங்களுக்காக.

இனி மாஸ்டர். குழுவின் சொந்தக்காரர், கீபோர்டு வாசிப்பவர், பெயர் குணசேகரன். அவர் யாரையும் ஒருமையில் அழைத்து நான் கேட்டதில்லை. அவருக்குக் கோபம் ஏற ஏற மரியாதை கூடும். "சார்" என்றால் சாதாரண நாள். "சார், நீங்க படிச்சவங்க" என்றால் எங்கோ தவறு செய்திருக்கிறோம். "உங்களுக்குத் தெரியாததாங்க சார்" என்று வந்துவிட்டால், அடுத்த நிகழ்ச்சிக்கு வேறு ஆள் பார்க்கிறார் என்று பொருள்.

அவருடைய கவலையெல்லாம் மேடையின் தோற்றம் பற்றியது. அதில் நியாயமும் இருந்தது. எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் கச்சேரி சாயங்காலம் தொடங்கும். அதற்கு மதிப்பெண் போடுவது மத்தியானமே முடிந்துவிடும். வேனிலிருந்து சாமான் இறங்கும்போது ஊர் கூடிவிடும். எத்தனை பெட்டி இறங்குகிறது, போன வருடம் பக்கத்து ஊரில் இறங்கியதைவிடக் கூடவா குறைவா என்று அங்கேயே வழக்கு நடக்கும். பிறகு நாங்கள் எப்படி வாசித்தாலும் தீர்ப்பு மாறாது. மாஸ்டர் பஸ் நிற்கும் இடம்வரை நடந்துபோய், நெற்றியில் கைவைத்து மேடையைப் பார்ப்பார். "இங்கருந்து பாத்தா பொட்டிக்கடை மாதிரி தெரியுதுங்க. கோட்டை மாதிரி தெரியணும்."

கோட்டை கட்டினார். அரூரில் ஒரு தச்சரிடம் பிளைவுட்டில் ஆறு பெரிய பெட்டிகள். மேலே கறுப்பு ரெக்சின், முன்னால் வலைத்துணி, உள்ளே காற்று. அவை என் முதுகுக்குப் பின்னால் அடுக்கப்படும். காலிப் பெட்டி ஒவ்வொன்றையும் இரண்டு பேர் முக்கி முனகி இறக்கவேண்டும் என்பது உத்தரவு. எங்கள் தபேலாக்காரர் அதில் தேர்ந்த நடிகர். ஒருமுறை இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேவிட்டார். ஊர்க்காரர்கள் அவருக்கு மோர் கொடுத்தார்கள்.

இதை நான் எதிர்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் காற்று இருப்பதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. ஆனால் மாஸ்டருக்கு ஒரு குறை இருந்தது. ஆறு பெட்டியில் ஒன்றிலும் விளக்கு எரியவில்லை. பெங்களூருவில் யாரிடமோ பழைய ஆம்ப் ஒன்றை வாங்கிவந்தார். இரும்பு உடம்பு, முகப்பில் ரத்தச் சிவப்பில் ஒரு விளக்கு. பிளக்கில், கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கடத்தும் மூன்றாவது முள்ளை யாரோ முன்பே வெட்டி எறிந்திருந்தார்கள். இரண்டு ஓட்டை உள்ள இடத்திலும் செருகலாம் என்ற வசதிக்காக. அந்த முள் எதற்கு இருக்கிறது என்று கேட்பவர்கள் நம் நாட்டில் குறைவு.

சித்தேரி மலையில் ஒரு கோவில் விழாவுக்குப் போனபோது, "இன்னிக்கு நீங்க இதுலதாங்க வாசிக்கணும்" என்றார்.

மத்தியானம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. சரிவான இடத்தில் பலகை போட்டு மேடை. பலகைகள் ஊறிக் கிடந்தன. மிக்ஸருக்கும் மைக்குகளுக்கும் எங்கள் சிறிய ஜெனரேட்டர். மேடை விளக்குகளுக்குக் கம்பத்திலிருந்து ஊர்க்காரர்கள் தனியாக ஒயர் இழுத்திருந்தார்கள். ஜெனரேட்டர் தாங்காது என்று ஆம்ப்பையும் அந்த ஒயரில் போட்டிருந்தார் மாஸ்டர். ஆக, என் கிட்டார் ஒரு மின்சாரத்தில், பாடுகிறவர்களின் மைக் இன்னொரு மின்சாரத்தில்.

மேடையேறியதும் நான் செய்யும் வேலை ஒன்று உண்டு. கிட்டாரை மாட்டாமல் ஸ்டாண்டில் வைத்தபடியே ஆம்ப்பில் இணைப்பேன். கம்பியில் டெஸ்டரை வைப்பேன். எரிந்தால் கசிவு இருக்கிறது. ஆனால் டெஸ்டர் பயந்த சுபாவம் உள்ளது, ஒன்றுமில்லாததற்கும் எரியும். ஆகவே அடுத்து ஒரு பதினைந்து வாட் குண்டு பல்பு. ஹோல்டரிலிருந்து வரும் இரண்டு ஒயர்களில் ஒன்றைக் கம்பியிலும் மற்றதை மைக்கின் தலையிலும் வைக்கவேண்டும். பல்பில் வெளிச்சம் வந்தால் கம்பிக்கும் மைக்குக்கும் நடுவே நிஜமாகவே மின்சாரம் ஓடுகிறது. டெஸ்டர் எரிந்தால் கசிவு, பல்பு எரிந்தால் சாவு.

அன்று டெஸ்டர் எரிந்தது. பல்பை வைத்தேன். முழுதாக எரியவில்லை. உள்ளே இழை சிவந்தது.

அந்தச் சிவப்பைப் பார்த்தபோது எனக்கு ஸ்டெல்லாவின் கை நினைவுக்கு வந்தது. ஸ்டெல்லா எங்கள் பாடகி. பாப்பிரெட்டிப்பட்டிப் பெண், வாய் ஓயாதவள். நிகழ்ச்சியின் இரண்டாம் பாதியில் ஒரு டூயட் வரும். அதில் அவள் ஒரு கையில் மைக்கைப் பிடித்தபடி என்னருகே வந்து, கிட்டார் இடையிசையின் உச்சியில் மறுகையை என் கம்பிகள்மீது வைத்து அழுத்துவாள். கிட்டார் சட்டென்று அடங்கும், அவள் குரல் மட்டும் எழும். விசில் பறக்கும். மாஸ்டர் யோசித்து வைத்த வித்தை. எந்த ஊரிலும் தோற்றதில்லை. ஒரு கை மைக்கில், ஒரு கை கம்பியில், வெறுங்கால் ஈரப் பலகையில். இரண்டு கைக்கும் நடுவே இருப்பது நெஞ்சு.

மாஸ்டர் வந்தார். "என்னாங்க சார்?"

"கம்பிக்கும் மைக்குக்கும் நடுவுல பல்பு எரியுதுங்க மாஸ்டர்."

"மங்கலாத்தாங்க எரியுது."

"நெஞ்சு நிக்கிறதுக்கு அந்த வெளிச்சம் போதுங்க."

"எத்தன வருசமா மேடை ஏறுறோம். ஒண்ணும் ஆவலியே?"

"ஆவுறது ஒரு தடவதாங்க."

மேடையோரம் பொரி தின்றுகொண்டிருந்த ஸ்டெல்லா, "என்னாண்ணா, எனக்குச் சீட்டுக் கிழிக்கிறியா?" என்றாள்.

"இன்னிக்கு என் கம்பி மேல கைய வெக்காத."

"வெக்காட்டி விசிலு யாருக்கு அடிப்பாங்க, உன் மூஞ்சிக்கா?"

மாஸ்டர் யோசித்தார். "கையில ஒரு கர்ச்சீப் சுத்திக்கிட்டா?"

"நனஞ்ச கர்ச்சீப்பாங்க?" என்றாள் ஸ்டெல்லா. அவளுக்கு இயற்பியல் தெரியாது. ஆனால் பொரி தின்பதை நிறுத்திவிட்டாள்.

மாஸ்டர் அடுத்த சமரசத்துக்கு வந்தார். நான் வழக்கம்போல மிக்ஸரில் வாசிக்கலாம். ஆம்ப் மட்டும் பின்னால் சும்மா எரிந்துகொண்டிருக்கட்டும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆம்ப்பின் இரும்பு உடம்பில் டெஸ்டரை வைத்துக் காட்டினேன். எரிந்தது. மைக்கோடு ஆடிக்கொண்டு வருகிறவள் இடுப்பு அதில் உரசினாலும் கணக்கு ஒன்றுதான்.

"சார், நீங்க படிச்சவங்க" என்றார் மாஸ்டர். "ஊருக்குச் செவப்பு லைட்டு எரியும்னு சொல்லி வெச்சிருக்கேன். யோசிங்க."

யோசித்தேன். பிளக்கை உருவிவிட்டால் நான் திரும்பிய நேரத்தில் வேறு யாராவது செருகுவார்கள். ஆகவே முதலில் உருவினேன். பிறகு கட்டிங் பிளேயரை எடுத்து, ஒயரிலிருந்து பிளக்கை வெட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மாஸ்டர் என் சட்டைப் பையையே கொஞ்சநேரம் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாததாங்க சார்" என்றார்.

கிட்டாரைப் பெடலிலும், பெடலை டி.ஐ. பாக்ஸிலும், அதை மிக்ஸரிலும் இணைத்தேன். இப்போது என்னிடம் இருந்த மின்சாரம் ஒன்பது வோல்ட். கம்பியும் மைக்கும் ஒரே மிக்ஸரில் சேர்ந்துவிட்டதால் இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் ஏதும் கிடையாது. மறுபடி பல்பை வைத்தேன். இருட்டாக இருந்தது.

சாமி பாட்டு முடிந்து மூன்று பாட்டுப் போயிருக்கும். விழாக் குழுத் தலைவர் சின்னக்கண்ணு மேடைக்கு வந்தார். சாமை, கேழ்வரகு விளைவிக்கிறவர். கை உலக்கை மாதிரி இருந்தது.

"ஏங்க, செவப்பு லைட்டு எரியும்னாங்க. ஒரு பொட்டியும் எரியலியே? காசு வாங்கிட்டு பாதி செட்டத்தான் ஓட்டுறீங்களா?"

மாஸ்டர் கீபோர்டுக்குப் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினார். ஏதாவது சொல்லிச் சமாளிக்கச் சொல்கிறார் என்று புரிந்தது. சமாளிப்பு எனக்கு வராது.

"லைட்டு இருக்கிற பொட்டியில கரண்ட் அடிக்குதுங்க. அதனால நான்தான் நிறுத்துனேன். மத்ததெல்லாம் தூக்கிப் பாருங்க, தெரியும்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டி, காலை அகட்டி வைத்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு பெட்டியைத் தூக்கினார். எடை இருக்கும் என்று நம்பித் தூக்கியதில் அது தலைக்கு மேலே போய்விட்டது. அவரும் இரண்டடி பின்னால் போனார். ஊர் கைதட்டியது, அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து.

பெட்டியை இறக்கி விரலால் தட்டிப் பார்த்தார். "உள்ள ஒண்ணும் இல்லியே! அப்ப பாட்டு எதுலருந்துய்யா வருது?"

பெடலின் அடிமூடியைத் திறந்து பேட்டரியைக் காட்டினேன்.

"இதுலயா? எங்க வூட்டு டார்ச்சுல இதவிடப் பெருசு போடுறோம்." திரும்பி மேடைக்குப் பின்னால் மேட்டைப் பார்த்தார். அங்கே சரிவில் நிறையப் பெண்கள் நின்றிருந்தார்கள். மலையில் மேடைக்கு முன்பக்கம் மட்டும் ஊர் இருக்காது என்பது சமவெளிக்காரர்களான எங்களுக்குத் தோன்றவே இல்லை. "எறக்குங்க இத எல்லாத்தையும். பொம்பளைங்களுக்கு மறைக்குதுன்னு அப்பத்துலருந்து கத்துறாங்க."

ஆறு பெட்டிகளும் கைமாறி மேட்டுக்குப் போயின, இம்முறை ஆளுக்கொன்றாக, முனகல் இல்லாமல். தரை ஈரமாக இருந்ததால் பெண்கள் அவற்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். அந்தப் பெட்டிகள் பயன்பட்ட ஒரே நிகழ்ச்சி அதுதான்.

டூயட் வந்தது. இடையிசையின் உச்சியில் ஸ்டெல்லா என்னை நோக்கி வந்தாள். பல்பு வைத்துப் பார்த்த எனக்குச் சந்தேகம் கூடாது. ஆனாலும் அவள் கை நீண்டபோது என் விரல்கள் அவசரப்பட்டு அரை மாத்திரை முன்னால் ஓடின. அவள் என் கண்ணைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கையைக் கம்பியில் வைத்தாள். கிட்டார் அடங்கியது. குரல் எழுந்தது. விசில் இரண்டு பக்கமிருந்தும் வந்தது, முன்னாலிருந்தும் மேட்டிலிருந்தும்.

மறுநாள் காலை மலையடிவாரத்து டீக்கடையில் மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பொட்டியத் தூக்கிப் பாக்கச் சொன்னத பத்தி நான் ஒண்ணும் சொல்லலீங்க. ஆனா ஒண்ணுமே நடக்கலீங்களே சார். எதுக்குங்க அவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

"நடக்காததுக்குத்தாங்க நான் வேல பாத்தது."

"இனிமே நீங்க சிரமப்பட வேணாங்க" என்றார், மிகுந்த மரியாதையோடு. வேன் கிளம்பியது. நான் பஸ்ஸுக்கு நின்றேன். கையில் இருந்தது ஒரு பை. அது ஒன்றுதான் அன்று வசதி.

நடக்காத விபத்துக்குச் சாட்சி கிடையாது. நடந்திருந்தால் என்னைத் தீர்க்கதரிசி என்றிருப்பார்கள், ஸ்டெல்லாவுக்கு மாலை போட்டுவிட்டு. நடக்காததால் நான் பிடிவாதக்காரன். இந்தப் பேரம் எனக்குச் சம்மதம். இன்றைக்கும் சம்மதம்.

மாஸ்டர் வேறு ஒரு கிட்டார்காரரைச் சேர்த்தார். அதே ஆம்ப், புது பிளக், அதிலும் இரண்டே முள். ஸ்டெல்லா முதல் நிகழ்ச்சியிலேயே, "பல்பு புடிச்சிக் காட்டுங்க, அப்பறம் கைய வெக்கிறேன்" என்றிருக்கிறாள். பல்பு யாரிடமும் இல்லை. இருந்தாலும் பிடிக்கத் தெரியாது. டூயட்டை மேடையின் மறுகோடியில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு பாடினாள். விசில் வரவில்லை. அடுத்த ஊரிலும் அப்படியே. அதற்கடுத்த ஊர்க்காரர்கள் "அந்தக் கைய வெக்கிற பாட்டு ஏன் இல்ல?" என்று கேட்டுவிட்டார்கள்.

ஒரு நாள் மாஸ்டர் பொம்மிடி ஸ்டேஷனில் வந்து இறங்கினார். வீட்டில் உட்கார்ந்து காப்பியை முழுதாகக் குடித்து முடித்தார்.

"அந்தப் பொண்ணு கைய வெக்க மாட்டேங்குதுங்க சார்."

"நான் கொண்டாரதுதான் கொண்டாருவேன் மாஸ்டர். என் பின்னாடி கரண்ட்ல எதுவும் எரியக் கூடாது."

"சரிங்க." எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்ட பிறகு திரும்பினார். "ஆனா அன்னிக்கு ஒண்ணும் ஆயிருக்காதுங்க."

"ஆயிருக்குங்க."

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நானும் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படியே பல வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம்.

இளைஞர்கள் தங்கள் பலகைகளை வைத்துக்கொள்ளட்டும். ஒயரில்லாத கருவி வந்துவிட்டது, இந்த ஆபத்தே இப்போது இல்லை என்பார்கள். பாதி சரி. மீதிப் பாதிக்கு, மேடைக்குப் பின்னால் போய் எத்தனை பிளக்கில் மூன்றாவது முள் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து என்னிடம் பேசட்டும். ஒவ்வொரு கருவியும் ஒரு ஒயர்; ஒவ்வொரு ஒயரும் யாரோ ஒருவர் சரிபார்க்காமல் விடப்போகும் ஒரு இடம். நான் குறைவாகக் கொண்டுபோனது எளிமையின்மீது காதலால் இல்லை. எல்லாவற்றையும் நானே சோதித்துவிட்டுத்தான் வாசிப்பேன் என்ற திமிரால். அந்தத் திமிரை வைத்துக்கொண்டு ஒரு பைக்கு மேல் சமாளிக்க முடியாது.

ஸ்டெல்லா இப்போதும் பாடுகிறாள். சென்ற மாதம் ஒரு நிச்சயதார்த்தத்தில் கேட்டேன். மேல் ஸ்தாயியில் சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தது. சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சொன்னேன். ரசத்தை ஊற்றிக்கொண்டே திட்டினாள்.

"பாத்துப் பாத்து உசுரோட வெச்சது இதுக்குத்தானா? வாய மூடிக்கிட்டுச் சாப்புடுண்ணா."

சாப்பிட்டேன். ஆனால் சுருதி இறங்கித்தான் இருந்தது.